கணித மேதை இராமானுஜன்: பரிசு வாங்கிய பையன் பரீட்சையில் தோற்ற கதை



பரிசளிப்பு விழா என்றாலே மனசுக்கு ஒரு நிறைவு. பெயர் வாசிக்க வாசிக்கப் பிள்ளைகள் ஒவ்வொருவராக மேடை ஏறுகிறார்கள். கீழே உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாவின் முகத்தைப் பாருங்கள். விடியுமுன்னே எழுந்து பெரட்டுக்குப் போன களைப்பெல்லாம் எங்கே போச்சு என்று தெரியாது. இப்படிப்பட்ட நாளில், இதேபோல ஒரு பள்ளிப் பரிசு வாங்கிய தமிழ்நாட்டுப் பையன் ஒருவரின் வாழ்க்கையை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1904-ஆம் ஆண்டில் அவர் கணிதத்துக்காகப் பள்ளியில் பரிசு பெற்றார். 1907-ஆம் ஆண்டில் கல்லூரிப் பரீட்சையில் இரண்டாம் முறையும் தோற்று, கையில் ஒரு சான்றிதழும் இல்லாமல் நின்றார். 1918-ஆம் ஆண்டில் உலகப் பெரும் விஞ்ஞானிகள் வீற்றிருக்கும் லண்டன் ராயல் சங்கத்தின் உறுப்பினர் ஆனார். அவர்தான் சீனிவாச இராமானுஜன். அவர் மேதை என்பது எல்லாருக்கும் தெரியும். பள்ளியின் கடைசி ஆண்டுகளில் அவர் உயர்கணிதம் படித்த விதமும், அதனால் அவருக்கு வந்த ஏற்றமும் இறக்கமும் பலருக்குத் தெரியாது. நம் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குப் போய், நான்காம் படிவத்தில் கூடுதல் கணிதத்தைக் கண்டு மிரளும்போது, இந்தக் கதை பெற்றோருக்கும் பிள்ளைக்கும் உதவும்.

திண்ணையிலே வளர்ந்த கணக்கு

இராமானுஜன் 1887 டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சந்நிதித் தெருவில் ஒரு சின்ன வீட்டில். தந்தை சீனிவாச ஐயங்கார் ஒரு புடவைக் கடையில் கணக்கு எழுதுபவர். நம் ஊர் வழக்கில் சொன்னால் கடைக் கிராணி. தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனைப் பாட்டுப் பாடுவார். இரண்டு வயதில் குழந்தைக்கு அம்மை கண்டது. பிழைத்தது, முகத்தில் தழும்பு மட்டும் நின்றது.

வசதி இல்லாத வீடுதான். ஆனால் 1897-ஆம் ஆண்டில் தொடக்கப் பள்ளித் தேர்வில் பையன் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தார். அடுத்த ஆண்டு டவுன் ஹைஸ்கூலில் சேர்ந்தார். அங்கே ஒரு நாள், எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று வரும் என்று ஆசிரியர் பழத்தை உதாரணம் காட்டிச் சொன்னாராம். அப்படியானால் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தாலும் ஒன்றுதானா, ஒரு பழமும் இல்லாமல் ஒருவருக்கும் கொடுக்காவிட்டால் ஆளுக்கு ஒரு பழம் கிடைக்குமா என்று பையன் கேட்டாராம். இந்தக் கதையைச் சிரிப்புக்காகத்தான் சொல்வார்கள். யோசித்துப் பாருங்கள், அந்தக் கேள்வி சரியான கேள்வி! அதற்கு ஒரே விடை கிடையாது என்பதை உயர்கணிதம் படிக்கும்போதுதான் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்கிறார்கள்.

தாளுக்குக் காசு வேண்டுமே, என்ன செய்வது? இராமானுஜன் திண்ணையில் உட்கார்ந்து சிலேட்டில் கணக்குப் போடுவார். முடிந்ததும் முழங்கையாலேயே அழிப்பார். கடைசி விடையை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்வார். இந்தப் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது பெரிய விஷயமாக வரப் போகிறது.

இரவல் வாங்கிய புத்தகங்கள்

குடும்பச் செலவுக்காக அவர் தாயார் கல்லூரி மாணவர்கள் இருவரை வீட்டில் தங்கவைத்துச் சோறு போட்டார். பையனோ அந்த அண்ணன்மார்களைத் துளைத்து எடுத்துவிட்டார். பதினொரு வயது ஆகும்போது அவர்களுக்குத் தெரிந்த கணக்கெல்லாம் இவருக்கும் தெரிந்துபோனது. இனி எங்களிடம் ஒன்றும் இல்லை என்ற நிலைமை! அப்புறம் லோனி என்பவர் எழுதிய திரிகோணமிதிப் புத்தகம் இரவலாகக் கிடைத்தது. பதின்மூன்று வயதுக்குள் அதை முழுக்க முடித்துவிட்டார். அது கல்லூரி மாணவர்கள் படிக்கும் புத்தகம்.

1902-ஆம் ஆண்டில் முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் வழியைக் கற்றார். இருபடிச் சமன்பாட்டோடு நம் பிள்ளைகள் படும் பாடு நமக்குத் தெரியும். முப்படி அதற்கு ஒரு படி மேலே. அதைக் கற்ற கையோடு, யாரும் சொல்லிக் கொடுக்காமல், நாற்படிச் சமன்பாட்டுக்குத் தாமே ஒரு வழி கண்டுபிடித்தார். விடுவாரா? ஐம்படிச் சமன்பாட்டையும் அதேபோலத் தீர்த்துவிடலாம் என்று முயன்றார். அதற்கு அப்படி ஒரு பொது வழியே கிடையாது என்று நார்வே நாட்டு ஆபெல் என்ற இளைஞர் 1824-ஆம் ஆண்டிலேயே நிறுவியிருந்தார். கும்பகோணத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பையனுக்கு அதை யார் சொல்வது?

இன்னொரு சம்பவம். திரிகோணமிதியில் தாமே சில முடிவுகளைக் கண்டுபிடித்து மகிழ்ந்தார். பிறகு பார்த்தால், ஆய்லர் என்ற பெரிய கணித அறிஞர் நூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னாலேயே அதைச் சொல்லிவிட்டாராம். பையனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. எழுதிய தாள்களை வீட்டுக் கூரையில் செருகி மறைத்துவிட்டார். தட்டிக்கொடுக்கத் தகுந்த ஓர் ஆசிரியர் பக்கத்தில் இருந்திருந்தால், ஆய்லர் போன பாதையில் தனியாக நடந்துவந்த பிள்ளை அல்லவா நீ என்று மார்போடு அணைத்திருப்பார்.

1903-ஆம் ஆண்டில், பள்ளிப் படிப்பு முடியப் போகும் காலத்தில், அவர் வாழ்க்கையையே மாற்றிய புத்தகம் கைக்கு வந்தது. கார் என்ற ஆங்கிலேயர் எழுதியது. பரீட்சைக்குப் போகும் மாணவர்களுக்கான ஒரு தொகுப்பு நூல் அது. ஏறக்குறைய ஐயாயிரம் கணித முடிவுகள் வரிசையாக இருந்தன. ஆனால் ஏன், எப்படி என்ற விளக்கம் மிகக் குறைவு. மற்ற பிள்ளைகள் அதை இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடியிருப்பார்கள். இராமானுஜனோ ஒவ்வொரு முடிவையும் தாமே நிறுவிப் பார்க்கத் தொடங்கினார். நிரூபணம் சிலேட்டில்; விடை நோட்டில். நிரூபணம் முழங்கையோடு அழிந்துபோகும். விடை மட்டும் நிற்கும்.

நன்மையும் தீமையும் இந்த இடத்தில் ஒன்றாக வந்து சேர்ந்தன. விளக்கம் இல்லாத புத்தகம் அவரைச் சொந்தமாக யோசிக்க வைத்தது. அதே புத்தகம், வழியை எழுதிக்காட்டாமல் விடையை மட்டும் எழுதினால் போதும் என்ற பழக்கத்தையும் ஊட்டியது. பின்னாளில் கேம்பிரிட்ஜில் அறிஞர்கள் அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டது அந்த அழிந்துபோன நிரூபணத்தைத்தான்.

பரிசும் சறுக்கலும்

1904-ஆம் ஆண்டில் டவுன் ஹைஸ்கூலில் கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசு இராமானுஜனுக்குக் கிடைத்தது. இவருக்கு நூற்றுக்கு நூறு கொடுத்தாலும் போதாது என்ற கருத்தில் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் பாராட்டினாராம். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் படிக்க உதவித்தொகையும் கிடைத்தது. எப்.ஏ. என்று அந்தக் காலத்தில் சொல்லப்பட்ட இரண்டு ஆண்டுப் படிப்பு. ஏறக்குறைய நம் ஆறாம் படிவம் போன்றது. அதைத் தாண்டினால்தான் பட்டப்படிப்பு.

இனி எல்லாம் ஏறுமுகம்தான் என்று வீட்டார் நினைத்திருப்பார்கள். நடந்தது வேறு. எப்.ஏ.யில் கணிதம் மட்டுமா? ஆங்கிலம், வரலாறு, உடலியல், சமஸ்கிருதம் எல்லாம் உண்டு. இராமானுஜனுக்குக் கணிதம் கரும்பு, மற்றதெல்லாம் வேப்பங்காய். வரலாற்று வகுப்பிலும் கணக்கு, ஆங்கில வகுப்பிலும் கணக்கு! ஆங்கிலத்தில் தோற்றார். உதவித்தொகை போனது. அந்தப் பணம் இல்லாமல் சம்பளம் கட்ட வீட்டில் வழி இல்லை. 1905 ஆகஸ்ட் மாதம், பதினேழு வயதில், யாரிடமும் சொல்லாமல் ரயிலேறி விசாகப்பட்டினம் போய்விட்டார். பெற்றோர் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்துத் தேடினார்கள். பிள்ளையைக் காணாமல் அந்தத் தாய் மனசு என்ன பாடு பட்டிருக்கும்!

1906-இல் மறுபடியும் முயற்சி. சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கணிதப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியார் இவர் திறமையைக் கண்டுகொண்டு, கணித இதழ்களில் வரும் கடினமான கணக்குகளை இவரோடு சேர்ந்தே போட்டுப் பார்ப்பாராம். ஆனால் இடையில் உடல்நலம் கெட்டு ஊருக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் எப்.ஏ. எழுதித் தோற்றார். 1907-இல் மறுபடி எழுதினார், மறுபடி தோல்வி. கணிதத்தில் குறையில்லை, மற்றப் பாடங்கள் காலை வாரிவிட்டன.

பிள்ளைகளே, இதைப் படித்துவிட்டு, இராமானுஜனே ஆங்கிலத்தில் தோற்றார், நான் தோற்றால் என்ன என்று சொல்லக் கிளம்பிவிடாதீர்கள்! அந்தத் தோல்விக்கு அவர் கொடுத்த விலை சாதாரணமானதல்ல. அடுத்து வந்த ஆண்டுகளில் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கப் பார்த்தார். அதுவும் சரியாக அமையவில்லை. நண்பர்கள் போட்ட சோற்றில் நாள் ஓட்டினார். 1909-இல் ஜானகி அம்மாளுடன் திருமணமும் ஆயிற்று. பொறுப்புக் கூடியது, வருமானம் கூடவில்லை. பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயது வரையான காலம் ஒரு கணித அறிஞருக்குப் பொன்னான காலம். அந்தக் காலத்தில் இராமானுஜன் வழிகாட்ட ஆளில்லாமல் திசை தவறிப் போனதுதான் அவருடைய இளவயது மரணத்தைவிடப் பெரிய சோகம் என்று, அவரைப் பின்னாளில் நன்கு அறிந்த பேராசிரியர் ஹார்டியே வருந்தி எழுதினார்.

நோட்டைத் திறந்து பார்த்தவர்கள்

அப்படியானால் இராமானுஜனைக் காப்பாற்றியது எது? அவர் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலைந்த நோட்டுப் புத்தகமும், அதைத் திறந்து பார்க்கப் பொறுமை இருந்த சில பெரியவர்களும்தான்.

1910-இல் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த இராமசாமி ஐயரிடம் போய் ஒரு சின்னக் கிராணி வேலை கேட்டார். அந்த ஐயர் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். நோட்டைப் புரட்டிப் பார்த்தவர் திகைத்துப்போனார். இப்படிப்பட்ட பிள்ளையைத் தாலுகா ஆபீஸ் மூலையில் உட்காரவைத்து வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை. சென்னையில் உள்ளவர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அங்கிருந்து நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவ் அறிமுகம் ஆனார். அவருக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. பேசப் பேச நம்பிக்கை பிறந்தது. மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்து கொடுத்தார். 1911-இல் இராமானுஜனின் முதல் ஆராய்ச்சிக் கட்டுரை கணிதக் கழக இதழில் வெளிவந்தது.

பிறர் பணத்தில் எத்தனை நாள் இருப்பது? 1912 மார்ச் முதல் நாள் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் கிராணியாகச் சேர்ந்தார். அலுவலக வேலை முடிந்ததும் கணக்கு. துறைமுகத்தில் கிடக்கும் பொட்டலத் தாளைக்கூடப் பொறுக்கிக் கணக்கு எழுதுவார் என்று சொல்வார்கள். மேலதிகாரி நாராயண ஐயர் தாமே கணிதம் அறிந்தவர். அவரும் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் ஆதரவு காட்டினார்கள்.

1913 ஜனவரி 16-ஆம் நாள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கணித அறிஞர் ஹார்டிக்கு இராமானுஜன் ஒரு கடிதம் எழுதினார். பக்கம் பக்கமாகக் கணித முடிவுகள், நிரூபணம் கிடையாது. இதற்கு முன் எழுதிய வேறு அறிஞர்கள் அவருக்குக் கைகொடுக்கவில்லை. ஹார்டியும் முதலில் யாரோ ஏமாற்றுக்காரன் என்றே நினைத்தார். அன்று இரவு நண்பர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து பார்த்தார். நள்ளிரவுக்குள் இருவருக்கும் தெரிந்துவிட்டது, எழுதியவர் ஒரு மேதை என்று. அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. எப்.ஏ. கூடத் தேறாதவருக்குப் பல்கலைக்கழகத்தின் கதவு திறந்தது!

கடல் கடந்த இராமானுஜன்

1914 மார்ச் 17-ஆம் நாள் கப்பலேறினார். கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரி. அங்கே ஹார்டி அவருக்கு நண்பராகவும் ஆசிரியராகவும் இருந்தார். விடையோடு வழியையும் எழுதிக் காட்டும் முறையை அங்கே இராமானுஜன் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 1916-இல் ஆராய்ச்சி வழியாகவே பட்டம் பெற்றார்.

அவர் செய்த வேலைகளில் ஒன்றை நம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரியும்படி சொல்லலாம். 5 என்ற எண்ணை எத்தனை விதமாகப் பிரித்துக் கூட்டலாம்? 5; 4+1; 3+2; 3+1+1; 2+2+1; 2+1+1+1; 1+1+1+1+1. ஆக ஏழு விதம். 10 என்றால் 42 விதம். 100 என்றால்? 19 கோடியே 5 இலட்சத்து 69 ஆயிரத்து 292 விதம்! ஒவ்வொன்றாக எழுதி எண்ண ஆயுள் போதாது. எண்ணாமலே அந்தத் தொகையை நெருங்கிச் சொல்லும் வழியை ஹார்டியும் இராமானுஜனும் சேர்ந்து கண்டுபிடித்து 1918-இல் வெளியிட்டார்கள்.

அது முதல் உலகப் போர்க் காலம். குளிர் தாங்கவில்லை, சைவ உணவு சரியாகக் கிடைக்கவில்லை. 1917-இல் நோயில் விழுந்து மருத்துவமனைகளில் கிடந்தார். ஒருமுறை பார்க்க வந்த ஹார்டி, தாம் வந்த வாடகை வண்டியின் எண் 1729, அதில் சுவையாக ஒன்றும் இல்லை என்றார். படுத்திருந்தவர் உடனே மறுத்தார். இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய எண்களில் அதுதான் மிகச் சிறியது என்றார். பிள்ளைகளே, பென்சிலை எடுத்துச் சரிபாருங்கள்: 1-இன் கனம் 1, 12-இன் கனம் 1728. 9-இன் கனம் 729, 10-இன் கனம் 1000. இரண்டு பக்கமும் 1729 வருகிறதா?

1918-இல் ராயல் சங்க உறுப்பினர் ஆனார். அதே ஆண்டு அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் பெல்லோ என்னும் பெருமையும் வந்தது. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியர் அவரே. 1919-இல் உடல் நலிந்து தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். வயது 32 மட்டுமே. படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களிலும் எழுதிக்கொண்டே இருந்தார். அந்தத் தாள்கள் 1976-ஆம் ஆண்டில் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டன. அவர் நோட்டுகளில் விடை மட்டும் எழுதிவிட்டுப் போன மூவாயிரத்துக்கு மேற்பட்ட முடிவுகளுக்கு நிரூபணம் தேடி முடிக்க, பிற்கால அறிஞர்களுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. சிலேட்டில் அழிந்துபோனதை உலகம் திரும்பத் தேடிய கதை அது. அவர் பிறந்த நாளை 2012-ஆம் ஆண்டு முதல் இந்தியா தேசியக் கணித நாளாகக் கொண்டாடுகிறது.

அவர் கேட்ட உதவி

பெற்றோர்களே, கடைசியாக ஒரு செய்தி. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

1919 ஜனவரியில், இங்கிலாந்தில் நோயோடு இருந்தபோது, சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் கொடுக்க முன்வந்தது. அவர் நன்றி சொல்லி எழுதிய கடிதத்தில் அந்தத் தொகை தமக்கு அதிகம் என்றார். தம் செலவும், பெற்றோருக்கு அனுப்பும் ஆண்டுக்கு 50 பவுனும் போக மிச்சத்தை ஏழைப் பிள்ளைகளின், அனாதைப் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்தைக் குறைக்கவும், பாடப்புத்தகம் வாங்கவும் பயன்படுத்தும்படி கேட்டுக்கொண்டார்.

பார்த்தீர்களா! சம்பளம் கட்ட முடியாமல் கல்லூரியை விட்டு ஓடிய பையன், இரவல் புத்தகத்தில் உயர்கணிதம் படித்த பையன், கைக்குக் காசு வந்ததும் முதலில் நினைத்தது தம்மைப் போன்ற பிள்ளைகளைத்தான்.

மாணவச் செல்வங்களே! கூடுதல் கணிதம் எடுக்கத் துணியுங்கள். வழியை ஒழுங்காக எழுதுங்கள், விடையோடு நிறுத்தாதீர்கள். பிடித்த பாடத்துக்கு மனசைக் கொடுங்கள். பிடிக்காத பாடத்துக்கு நேரத்தையாவது கொடுங்கள். இராமானுஜனுக்குக் கிடைக்காத ஆசிரியர்கள் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். தெரியாததைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

பெற்றோர்களே! எங்களுக்குப் படிப்பு இல்லை, பிள்ளையின் கணக்கு எங்களுக்கு என்ன தெரியும் என்று ஒதுங்காதீர்கள். கோமளத்தம்மாளுக்கும் உயர்கணிதம் தெரியாது. அவர் மகன் கணக்குப் போடத் திண்ணையில் இடம் இருந்தது. பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருந்தார்கள். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் நோட்டைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். ஒன்றும் புரியாவிட்டால் பரவாயில்லை. இது என்னப்பா, இது என்னம்மா என்று கேளுங்கள். அது சொல்ல ஆரம்பிக்கும். பரீட்சையில் ஒரு தடவை சறுக்கினாலும் அந்த நோட்டை மூடிவிடாதீர்கள்.

இன்று பரிசு பெறும் பிள்ளைகளுக்கும், அடுத்த ஆண்டு பெறப் போகும் பிள்ளைகளுக்கும் என் அன்பு வாழ்த்துகள்!